பச்சை வண்டியின் முதுகில் எழுதியிருந்தது

போன வாரம் தென்காசிக்குள் ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தேன். முன்னால் ஒரு டவுன் பஸ் நகராமல் நின்றது. அதன் முதுகு முழுவதும் மஞ்சள் ஸ்டிக்கர். அதில் கொட்டை எழுத்தில், ‘யோசிக்காதீர்கள். நாங்கள் யோசித்துவிட்டோம்’ என்று இருந்தது. யார் யோசித்தார்கள், எதைப் பற்றி யோசித்தார்கள் என்று எங்கும் இல்லை. பெயர் இருந்த மூலையைச் சேறு மறைத்திருந்தது.

“மூணு மாசமா இந்த வண்டிக்குப் பின்னாலயே போய்க்கிட்டிருக்கேன்க்கா,” என்றார் ஆட்டோக்காரர். “காலேஜா, பிளாட்டா, பல்பொடியான்னு இன்னும் பிடிபடல. நமக்குப் பதிலா யாரோ யோசிக்காங்கங்கது மட்டும் தெரியுது.”

அவர் சிரித்தார். நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேலகரம் ஸ்டாப்பில் என்னோடு நின்று பஸ் ஏறிப் பள்ளிக்கூடம் போனவர்களே, இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன். நீங்களும் இப்போது மூட்டுவலித் தைலமும் சர்க்கரை மாத்திரையுமாக எங்கெங்கோ இருப்பீர்கள். பச்சை வண்டியை மறந்திருக்க மாட்டீர்கள். அதில் கண்டக்டராக இருந்தவரின் மகள் நான்.

அந்த வண்டியின் நெற்றியில் முதலாளியின் தகப்பனார் பெயரோ சாமி பெயரோ எழுதியிருந்தது. நமக்கு அது பச்சை வண்டிதான். தென்காசியில் கிளம்பி மேலகரம் வழியாகக் குற்றாலம் போய், ஐந்தருவியில் திரும்பி வரும். உடம்பெல்லாம் விளம்பரம். வலது பக்கம் ஒரு ஜவுளிக்கடை: ‘வாங்க வேண்டாம், வந்து பாருங்கள்.’ வாங்க வேண்டாம் என்று சொல்லவா ஒருவன் பெயிண்டருக்குக் கூலி கொடுப்பான் என்று நாம் சண்டை போட்டிருக்கிறோம். இடது பக்கம் கூந்தல் தைலம். ஒரு கண் மேலேயும் ஒரு கண் கீழேயுமாக ஒரு பெண், பக்கத்தில் ‘அவளுக்கு மட்டும் எப்படி?’ அவளுக்கு மட்டும் கண் எப்படி அப்படி ஆயிற்று என்று கேட்கிறார்கள் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருந்த தகரத்தில் ஒரு காப்பித்தூள் கேட்டது: ‘விடிந்தது யாரால்?’ ‘சூரியனால்’ என்று நம்மில் ஒருத்தி சாக்பீஸால் பதில் எழுதி வைத்தாள். அப்பா அதைப் பார்த்தார், அழிக்கவில்லை.

பின்பக்கம் இருந்தது சுகாதாரத் துறைக்காரர்கள் எழுதிவிட்டுப் போனது. மஞ்சள் கட்டத்துக்குள் கறுப்பு எழுத்து. முதல் வரி, ‘உணர்ச்சியற்ற தேமல்.’ இரண்டாவது வரியில் ஒரு சொல் இருந்த இடம் தேய்ந்து, மஞ்சளும் கறுப்பும் கலந்து சாணி நிறத்தில் ஒரு தீற்றல். அதற்குப் பிறகு ‘இருக்கலாம்.’ கடைசி வரி, ‘அலட்சியம் வேண்டாம்.’

கோடை விடுமுறைக்கு முன்னால் அந்தச் சொல் இருந்திருக்க வேண்டும். அப்போது நாம் யாரும் அதை ஒழுங்காகப் படிக்கவில்லை. ஜூனில் பள்ளி திறந்தபோது அங்கே சொல் இல்லை. இல்லாமல் போன பிறகுதான் எல்லோரும் படித்தோம்.

எனக்கு முதல் வரியே புரியவில்லை. அந்த வருஷம் ஆறாம் வகுப்பு. பேச்சுப் போட்டிக்கு என்னைப் பழக்கிய டீச்சர், “உணர்ச்சியே இல்லாமப் பேசுதியே” என்று தினமும் தலையில் குட்டுவார். உணர்ச்சியற்ற தேமல் என்றால் என்னைப் போல மனப்பாடமாக ஒப்பிக்கிற தேமலாக்கும் என்று நினைத்தேன். தேமல் யாருக்குத்தான் இல்லை? அம்மாவுக்குக் கழுத்தில் இருந்தது. உங்களில் பாதிப் பேருக்குக் கன்னத்தில் இருந்தது.

அந்த வருஷம் சாரல் சீக்கிரமே பிடித்துக்கொண்டது. வெயிலும் தூறலும் ஒன்றாக அடிக்கும். மலை ஒரு நேரம் தெரியும், ஒரு நேரம் தெரியாது. அருவியில் குளித்தவர்கள் ஈரத்தோடு வண்டியில் ஏறி, சீட்டெல்லாம் நனைந்து, எண்ணெயும் சீயக்காயும் வறுத்த நேந்திரங்காய்ச் சிப்ஸும் கலந்த வாடை ராத்திரி அப்பா கழற்றிப் போடும் காக்கிச் சட்டையில்கூட இருக்கும். கூட்டத்தில் அப்பாவைப் பார்க்க முடியாது. “உள்ள போங்க, உள்ள போங்க” என்ற குரலும், கம்பியில் பேனாவைத் தட்டும் சத்தமும் மட்டும் நம்மை நோக்கி வரும்.

அப்பாவிடம் ஒரு வித்தை இருந்தது. கொதிக்கிற டீயைக் கண்ணாடித் தம்ளரில் வாங்கி, சுண்டுவிரலும் மோதிரவிரலும் சேர்த்துத் தம்ளரின் உடம்பைச் சுற்றிப் பிடித்துக்கொள்வார். மற்றவர்கள் விளிம்பைத் தொட்டுத் தொட்டு ஊதிக் குடிக்கும்போது அவர் சும்மா நிற்பார். வீட்டில் விளக்குத் திரி சரிந்தால் சுண்டுவிரலால் தள்ளி நேராக்குவார். நானும் தங்கையும் கை தட்டுவோம். “எங்க அப்பாவுக்குச் சூடே கெடையாது” என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் திரிந்தேன். அந்த வித்தை அதற்கு முந்தைய வருஷம் அவரிடம் இருந்ததா என்று நான் யோசித்துப் பார்த்ததில்லை.

காணாமல் போன சொல்லை நிரப்பும் விளையாட்டு யார் ஆரம்பித்தது என்று நினைவில்லை. ஸ்டாப்பில் நின்று ஆளுக்கொன்று சொல்வோம். உணர்ச்சியற்ற தேமல் மச்சமாக இருக்கலாம். முதுகில் இருக்கலாம். ஹெட்மாஸ்டருக்கு இருக்கலாம். ஒரு திங்கட்கிழமை காலை வண்டிக்குள் வைத்தே விளையாடினோம். என் பக்கத்துச் சீட்டுக்காரி, எண்ணெய்க்கடை வீட்டுப் பிள்ளை, எழுந்து நின்று கை நீட்டி, “உணர்ச்சியற்ற தேமல் கண்டக்டருக்கும் இருக்கலாம். அலட்சியம் வேண்டாம்!” என்றாள். வண்டியே சிரித்தது. நானும் சிரித்தேன். அப்பா இரண்டு சீட்டு தள்ளி நின்றிருந்தார். ஒரு கிழவருக்கு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, “உக்காருட்டி, பிரேக் போட்டா விழுந்துருவ” என்றார். அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் நான் அவரிடம் கேட்டேன்.

“அப்பா, வண்டிக்குப் பின்னால ஒரு வார்த்தையக் காணுமே, அது என்னது?”

“எந்த வார்த்த?”

“தேமலுக்கும் இருக்கலாமுக்கும் நடுவுல.”

“பெயிண்ட் போயிருக்கும். பழைய வண்டில்லா.”

“ஒங்களுக்குத் தெரியாதா? தெனமும் பாக்கியள்லா?”

“நான் வண்டிக்கு உள்ள நிக்கவன். பின்னால என்ன எழுதிருக்குன்னு உள்ள நிக்கவனுக்கு எப்படித் தெரியும்?”

அது சரியான பதிலாகத்தான் எனக்குப் பட்டது.

அடுத்த சனிக்கிழமை எண்ணெய்க்கடை வீட்டுப் பிள்ளையும் இன்னொருத்தியும் அருவிக்குக் குளிக்க வந்திருந்தார்கள். நான் அப்பா வண்டியில் சும்மா சுற்றிக்கொண்டிருந்தேன். குற்றாலத்தில் வண்டி பத்து நிமிஷம் நிற்கும். எதிரே டீக்கடை. அப்பாவும் டிரைவர் மாமாவும் தார்ப்பாய்க்கு அடியில் ஒதுங்கி நின்றார்கள். என் தோழிகள் நீலம் பாய்ந்த உதடுகளோடு, துண்டைப் போர்த்திக்கொண்டு வந்தார்கள். நான் வித்தையைப் பற்றிச் சொன்னேன். அவர்கள் நம்பவில்லை.

“அப்பா, இவளுவ பொய்யுங்காளுவ. புடிச்சுக் காட்டுங்க. அம்பது எண்ணுத வர.”

“வேண்டாம்ட்டி. டிரிப் எடுக்கணும்.”

“ஒரே ஒரு தடவப்பா.”

“சொன்னாக் கேளு.”

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பேசாமல் நின்றால் அப்பா இறங்கி வருவார் என்று எனக்குத் தெரியும். இறங்கி வந்தார். டீக்கடைக்காரர் பாய்லரிலிருந்து வெறும் வெந்நீரையே பிடித்துக் கொடுத்தார். அப்பா அதைச் சுண்டுவிரல் பக்கமாக வாங்கிப் பிடித்துக்கொண்டார். ஆவி அவர் மணிக்கட்டு வரை ஏறியது. தோழிகள் கடகடவென்று எண்ண ஆரம்பித்தார்கள்.

“இப்படி ஓடக் கூடாது,” என்று நான் அவர்களை நிறுத்தினேன். “நான் எண்ணுதேன்.”

நான் மெதுவாக எண்ணினேன். ஒவ்வொரு எண்ணுக்கும் நடுவில் மூச்சு விட்டு எண்ணினேன். ஐம்பது வந்ததும் டீக்கடைக்காரர், “அண்ணாச்சிக்கு எருமத் தோலு” என்றார். எல்லோரும் சிரித்தோம். அப்பாவும் சிரித்துக்கொண்டேதான் தம்ளரைத் திருப்பிக் கொடுத்தார். கொடுத்த கையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இரண்டு விரலும் ரொம்ப நேரம் அருவியில் ஊறியதுபோல வெளுத்திருந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தோல் எழும்பிக் கொப்புளமாகியது. அப்பா அப்போதும் “ஆ” என்று சொல்லவில்லை. கையைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

பெஞ்சில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சேலை, கறுப்புப் பை. குற்றாலத்துக்கும் தென்காசிக்கும் தினம் வண்டியில் வருகிற நர்ஸம்மா. அவர் எழுந்து வந்தார்.

“கைய வெளிய எடுங்க, கண்டக்டர் அண்ணாச்சி.”

“ஒண்ணுமில்லம்மா. பிள்ளைய வெளயாட்டு.”

“எடுங்கன்னு சொல்லுதேன்.”

அப்பா எடுத்து நீட்டினார். நர்ஸம்மா பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

“கண்ண மூடிக்கிடுங்க. நான் தொடும்போது ‘ம்’முன்னு சொல்லணும்.”

அப்பா கண்ணை மூடினார். தார்ப்பாயிலிருந்து தண்ணீர் அவர் தோளில் சொட்டியது. நர்ஸம்மா பேனா முனையால் சுண்டுவிரலைத் தொட்டார். மோதிரவிரலைத் தொட்டார். உள்ளங்கை ஓரத்தில், முழங்கை வரை கோடு இழுத்தார். அப்பா காத்துக்கொண்டு நின்றார்.

“தொடுங்கம்மா,” என்றார்.

நர்ஸம்மா பேனாவை மூடிப் பைக்குள் வைத்தார். “சரி, கண்ணத் தொறங்க” என்றார். பிறகு கொஞ்சம் தள்ளிக் கூட்டிப் போய்ப் பேசினார். நான் பின்னாலேயே போனேன்.

“எத்தன நாளா இருக்கு?”

அப்பா தோளில் தொங்கிய பையின் வாரைச் சரிசெய்தார்.

“படிச்ச மனுசன். ஒங்க வண்டிக்குப் பின்னாலயே எழுதிருக்கே.”

“எழுதிருந்துச்சு,” என்றார் அப்பா.

டிரைவர் மாமா ஹாரன் அடித்தார். அப்பா விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஓடிப்போய் ஏறினார். தென்காசி வரை அந்தக் கையாலேயே டிக்கெட் கிழித்தார். மேலகரம் தாண்டும்போது கொப்புளம் உடைந்து டிக்கெட் புத்தகம் நனைந்தது. மழைத் தண்ணீர் என்றுதான் மற்றவர்கள் நினைத்திருப்பார்கள்.

இரண்டு நாள் கழித்து நர்ஸம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா நாற்காலி போட்டாள். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார். மாத்திரை இருக்கிறது, அரசாங்கமே கொடுக்கிறது, விடாமல் சாப்பிட்டால் முழுசாகக் குணமாகிவிடும், சாப்பிட ஆரம்பித்துவிட்டால் மற்றவர்களுக்கு ஒட்டாது, வீட்டில் எதையும் பிரித்து வைக்க வேண்டாம், பிள்ளைகளையும் ஒரு தடவை கூட்டி வந்து காட்டினால் போதும். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அவள் கேட்டது ஒரே கேள்விதான்.

“வெளிய யாருக்கும் தெரியாதுல்லாம்மா?”

நர்ஸம்மா போனதும் அம்மா பரணிலிருந்து ஒரு அலுமினியத் தட்டை இறக்கினாள். ஒரு சோப்பை இரண்டாக நறுக்கினாள். அப்பாவின் துண்டைத் தனிக் கொடியில் போட்டாள். அழவில்லை, சண்டை போடவில்லை. அப்பா அந்தத் தட்டில் சாப்பிட்டார். அன்று புளிக்குழம்பும் அப்பளமும் என்று நினைவிருக்கிறது. எங்களுக்கு என்ன தோன்றியது என்று கேட்டால், ஒன்றும் தோன்றவில்லை. தங்கை தட்டு வழுக்குகிறது என்று சொல்லிச் சிரித்தாள்.

அந்த வாரமே டிரைவர் மாமா வந்தார். அவரிடம் மட்டும் அப்பா சொல்லியிருந்தார். அப்பா குளிக்கப் போன நேரத்தில் அவர் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்.

“அந்த எழுத்த அழிச்சதே அண்ணாச்சிதான் மைனி. சித்திர மாசம் ஷெட்டுல வச்சு. மண்ணெண்ணெய்த் துணிய வச்சுத் தேச்சாரு. என்ன அண்ணாச்சின்னு கேட்டேன். காக்கா எச்சம்னாரு. நானும் கண்டுக்கிடல.”

ஆகவே அவருக்குச் சித்திரையிலேயே தெரியும். நர்ஸம்மா பார்த்தது ஆனியில். இரண்டு மாசத்துக்கு மேல் அவர் அந்த வண்டியில் போயும் வந்தும் இருந்திருக்கிறார். அலட்சியம் வேண்டாம் என்ற வரியை ஏன் விட்டுவைத்தார் என்று பின்னாளில் நான் யோசித்திருக்கிறேன். அந்தச் சொல் மட்டும் கண்ணில் படாமல் இருந்தால் போதும் என்று நினைத்தாரோ என்னவோ. காப்பித்தூள் விளம்பரத்துக்கு ஒரு பிள்ளை எழுதிய பதிலை அழிக்க மனசில்லாத மனுஷர் அவர்.

தென்காசி ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்க அப்பா சம்மதிக்கவில்லை. அங்கே வாசலில் நிற்கிறவர்களில் பாதிப் பேர் அவர் வண்டியில் வந்து இறங்கியவர்கள். கடையநல்லூருக்குப் போகலாம் என்று நர்ஸம்மா சீட்டு எழுதிக் கொடுத்தார். கடையநல்லூருக்கும் பஸ்ஸில் போக முடியாது. எந்தப் பஸ்ஸில் ஏறினாலும் “வாங்க அண்ணாச்சி, இன்னைக்கு லீவா?” என்று கேட்க ஒரு கண்டக்டர் இருப்பார். அதனால் மாசம் ஒருநாள் ரயிலில் போனார். சந்தேகம் வராமல் இருக்க என்னையும் கூட்டிப் போனார். பிள்ளையோடு போகிற ஆளை யாரும் எங்கே என்று துருவ மாட்டார்கள்.

முதல் தடவை போனபோது ஆஸ்பத்திரிச் சுவருக்கு அந்தப் பக்கம் தறி ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. டாக்டர் என் முதுகையும் கைகளையும் பார்த்துவிட்டு, “ஒண்ணுமில்ல, ஓடு” என்றார். அப்பாவுக்கு மாத்திரை அட்டையைக் கிழித்து, அங்கேயே தண்ணீர் கொடுத்து விழுங்கச் சொன்னார்கள். அதில் ஒன்று ரத்தச் சிவப்பு. அப்பா மிட்டாயைப் பார்க்கிற மாதிரி அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் போட்டுக்கொண்டார். பிறகு எனக்கு ஒரு தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தார்.

திரும்பி வரும் ரயிலில் பெட்டி காலியாக இருந்தது. ஜன்னல் ஓரம் நான், எதிரே அப்பா. வயல்களில் நாற்று பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். வெளியே பார்த்தபடியே அப்பா சொன்னார்.

“அன்னைக்கு ஒரு வார்த்த என்னதுன்னு கேட்டேல்லா?”

நான் தலையாட்டினேன்.

“தொழுநோயாக. ‘உணர்ச்சியற்ற தேமல் தொழுநோயாக இருக்கலாம்.’ அதான் முழுசு.”

பாடத்தில் ஒரு வரியைச் சொல்லித் தருவதுபோலத்தான் சொன்னார். பிறகு எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஜன்னல் கம்பியில் என் கை இருந்தது. அவர் தன் கையை அதற்குப் பக்கத்தில் வைத்தார். நான் என் கையை எடுத்து மடிக்குள் வைத்துக்கொண்டேன். வேண்டுமென்று செய்யவில்லை என்று சொல்ல ஆசைதான். வேண்டுமென்றுதான் செய்தேன். அவர் பார்த்தார். பாவூர்ச்சத்திரம் பக்கம் மழை பெய்கிறது போல என்று சொன்னார்.

ஆடி மாசத்துக்குள் விஷயம் வெளியே போய்விட்டது. மாத்திரையில் அப்பாவின் முகம் கன்றிக் கறுத்தது. சுண்டுவிரல் நிமிராமல் மடங்கிக்கொண்டது. எண்ணெய்க்கடை வீட்டுப் பிள்ளை கொப்புளக் கதையை அவள் அம்மாவிடம் சொல்லியிருந்தாள். அதில் தப்பில்லை, நானாக இருந்தாலும் சொல்லியிருப்பேன். வண்டியில் சிலர் சில்லறையை அப்பாவின் கையில் கொடுக்காமல் சீட்டின் ஓரத்தில் வைத்தார்கள். டிக்கெட்டைக் கைக்குட்டையால் வாங்கிக்கொண்டார்கள். அவர்களில் உங்கள் அம்மாக்களும் இருந்தார்கள். நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அலுமினியத் தட்டு இருந்தது. நான் யாரைச் சொல்ல?

முதலாளி நேரில் ஒன்றும் கேட்கவில்லை. ஷெட்டுக்கு வரச் சொல்லி, தோளைத் தொடாமல், “சீசன் முடியட்டும். நல்லா ரெஸ்ட் எடுத்துட்டு வாங்க. வண்டி எங்க போயிரப் போவுது?” என்றாராம். சீசன் முடிந்தது. யாரும் கூப்பிடவில்லை. புரட்டாசியில் வண்டிக்குப் புதுப் பெயிண்ட் அடித்தார்கள். எந்த எழுத்தும் இல்லாமல் வழுவழுவென்று அது ஸ்டாப்பில் வந்து நின்றபோது ஒரு புது ஆள் படியில் தொங்கிக்கொண்டு வந்தான். நீங்களெல்லாம் ஏறினீர்கள். நான் அடுத்த வண்டியில் வருவதாகச் சொன்னேன்.

அப்பா ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் போடும் வேலைக்குப் போனார். ஒரு மாசம்கூட விடாமல் இரண்டு வருஷம் மாத்திரை சாப்பிட்டார். கடைசி நாளன்று கடையநல்லூர் டாக்டர் சிகிச்சை அட்டையில் குறுக்கே கோடு போட்டு, இனி வர வேண்டாம், முழுசாகக் குணமாகிவிட்டது என்று சொல்லி அனுப்பினார். விரல் மட்டும் மடங்கியபடியே இருந்தது. அது அப்படியேதான் இருக்கும் என்றும் சொன்னார். அப்பா அட்டையை அம்மாவிடம் காட்டினார். அம்மா வாங்கிப் படித்தாள். “நல்லதாப் போச்சு” என்றாள். பிறகு அலுமினியத் தட்டில் சோறு போட்டாள். பழக்கம்தான். அப்பாவும் ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள் யாரும் சொல்லவில்லை.

எனக்குக் கல்யாணம் முடிவானபோது அப்பாவுக்குக் குணமாகிப் பத்து வருஷம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை வீடு கீழப்பாவூர். அவர்களிடம் எதுவும் சொல்ல வேண்டாம் என்று அம்மாவும் தாய்மாமாவும் பேசி வைத்திருந்தார்கள். பெண் பார்க்க வந்த அன்று அப்பாவுக்கு முழுக்கைச் சட்டை போட்டு, கையில் ஒரு மஞ்சள் பையைக் கொடுத்து உட்கார வைத்தார்கள். வந்தவர்கள் போகும் வரை அவர் அந்தப் பையைக் கீழே வைக்கவில்லை.

கல்யாணத்துக்கு முந்தைய நாள் மத்தியானம், யார் தாரை வார்த்துக் கொடுப்பது என்ற பேச்சை அப்பாவே எடுத்தார்.

“மச்சானே கையப் புடிச்சுக் குடுக்கட்டும். எனக்கு வெரலு இப்படி இருக்கு. தண்ணி சிந்திப் போவும். பாக்கதுக்கு நல்லாருக்காது.”

யாராவது மறுத்துப் பேசுவார்கள் என்று நினைத்திருப்பார். அறையில் எல்லோரும் நிம்மதியாகப் பெருமூச்சு விட்ட மாதிரி இருந்தது. “அதுஞ்சரிதான்” என்றாள் அம்மா. நான் மருதாணி காய்வதற்காக இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்காததால்தான் சொல்லவில்லை என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலை இலஞ்சிக் கோயிலில் மாமா என் கையைப் பிடித்துக் கொடுத்தார். அப்பா கூட்டத்தின் கடைசியில், செருப்புகள் கிடந்த பக்கம் நின்றிருந்தார்.

கீழப்பாவூர் போன நாலாம் நாள், முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தபோது அத்தை, என் மாமியார், கேட்டார்கள்.

“ஏட்டி, ஒங்க அப்பா ஏன் தாரை வார்க்கல?”

நான் குனிந்துகொண்டேன்.

“எங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சியளாக்கும்? ஒங்க மாமனாருக்குக் குத்தாலத்துலதான வேல. தெனமும் அந்தப் பச்ச வண்டிலதான போனாரு. எல்லாம் தெரிஞ்சுதான் பொண்ணு கேட்டு வந்தோம். நல்லாப் போன சீக்குக்கு என்ன? மேடைல அவரத் தேடுனோம். அவரு செருப்புக் கெடக்க எடத்துல நிக்காரு.”

மிச்சக் கீரையையும் உருவி முடித்தேன். இதை அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். மறுவீடு போனபோது சொல்லலாம் என்று இருந்தேன். வீடு நிறைய ஆட்கள். பிறகு ஆடிக்குச் சொல்லலாம், பிள்ளை பிறந்ததும் சொல்லலாம் என்று இருந்தேன். சொன்னால், அன்று மருதாணிக் கையோடு நான் உட்கார்ந்திருந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். அப்பா அதற்குப் பிறகு பதினோரு வருஷம் இருந்தார்.

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கீழப்பாவூர் வருவார். வாசல் பக்கத்து நாற்காலியில்தான் உட்காருவார். தண்ணீர் வேண்டுமென்றால் தன் பையிலிருந்து ஒரு சில்வர் தம்ளரை எடுத்து நீட்டுவார். நான் சொம்பிலிருந்து அதில் ஊற்றுவேன். எத்தனையோ தடவை ஊற்றியிருக்கிறேன்.

ஒருநாள் அத்தை பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு உள்ளே போனார்கள். எங்கள் வீட்டுத் தம்ளரில் மோர் கலக்கி எடுத்துவந்து அப்பாவின் முன்னால் நீட்டினார்கள்.

“இந்தாங்க அண்ணாச்சி. கைல வாங்குங்க.”

அப்பா எழுந்து நின்றுவிட்டார். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

“அங்கன வச்சிருங்க தாயி. எடுத்துக்கிடுதேன்.”

அத்தை கொஞ்ச நேரம் நீட்டியபடியே நின்றார்கள். என்னைப் பார்த்தார்கள். பிறகு வாசல் திண்டில் வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டார்கள். அப்பா மோரைக் குடித்தார். தம்ளரை எடுத்துக்கொண்டு பின்பக்கம் குழாயடிக்குப் போனார். சாம்பல் போட்டு, உள்ளேயும் வெளியேயுமாக மூன்று தடவை தேய்த்துக் கழுவினார். சமையலறை ஜன்னல் வழியாக எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. அடுப்பில் சோறு கொதித்து மூடியைத் தூக்கியது. நான் திரும்பி அதை இறக்கி வைத்தேன்.